மாட்டுப்பட்டிப் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடம்

மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் செல்லும் மலைச்சாலையில், ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் மாட்டுப்பட்டி அமைந்துள்ளது. மாடுகளை அடைக்கும் பட்டி என்னும் பொருள், பெயரைக் கேட்ட அளவிலேயே தமிழர்க்கு விளங்கிவிடும். மலையாளத்தில் இவ்வூர் 'மாட்டுப்பெட்டி' என்று எழுதப்படுகிறது. ஆங்கில எழுத்துகளில் ஓரிடத்தில் 'மாட்டுப்பெட்டி' என்றும், வேறோரிடத்தில் 'மாடுபட்டி' என்றும் காணப்படுகிறது. மலையாளப் பேச்சு வழக்கில் 'பட்டி' என்றால் நாய் என்பதும் இங்குக் கருதத்தக்கது. பள்ளிக்குச் செல்லும் தோட்டத் தொழிலாளியின் மகன் தன் ஊரின் பெயரையே மூன்று எழுத்துகளில் மூன்று விதமாகப் படித்துப் பழக வேண்டியிருக்கிறது. அவன் ஆங்கிலம் கற்பதில் உள்ள இடர்ப்பாடு அனைத்தும் இந்தப் பெயர்ப்பலகையிலேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

கேரள மாநிலப் பள்ளிப் பாடத்திட்டத்தில் ஆங்கிலம் இரண்டாம் மொழியாக வைக்கப்பட்டுள்ளது. முதல் மொழி இரண்டு தாள்களைக் கொண்டது. அதில் தமிழையும் தெரிந்தெடுக்கலாம். மூன்றாவது இடம் இந்திக்கு. ஏட்டளவில் இந்த வரிசை தெளிவாகவே இருக்கிறது. எனினும் மாட்டுப்பட்டி, குண்டளை, தேவிகுளம், மறையூர் வட்டாரங்களிலும், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் உள்ள தமிழ்ப் பிள்ளைகளின் அன்றாட வாழ்வில் இரண்டாம் மொழி எது என்று கேட்டால், விடை மலையாளம் என்றே வரும். கடையிலும், பேருந்திலும், மருத்துவமனையிலும், அரசாங்க அலுவலகத்திலும் அவர்கள் எதிர்கொள்வது மலையாளமே. ஆங்கிலம் அவர்களுக்கு வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் மட்டும் ஒலிக்கும் மொழி.

மலையும் மக்களும்

பூஞ்ஞாற்றுத் தம்புரானிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ 1877-ஆம் ஆண்டில் பெற்ற உரிமையே கண்ணன் தேவன் மலைகளில் தோட்டத் தொழில் தோன்றுவதற்குக் காரணமாயிற்று. 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி நிறுவப்பட்டது. திருநெல்வேலி, மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாக ஆட்கள் திரட்டப்பட்டனர். தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டு செல்ல அமைந்த சிறு ரயில்பாதை மாட்டுப்பட்டி வழியாகவே சென்றது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அது அழிந்துபோயிற்று. பள்ளிவாசல் மின்திட்டத்துக்காகக் கட்டப்பட்ட அணையும், 1963-இல் தொடங்கப்பட்ட இந்திய–சுவிஸ் கால்நடைத் திட்டமும் பின்னாளில் இவ்வூரை வெளியுலகுக்கு அறிமுகம் செய்தன. இன்று அணையைக் காண வரும் சுற்றுலாப் பயணிகள் பல மொழிகளைப் பேசுகின்றனர். லயங்களில் குடியிருப்போர் பேசுவது தமிழ்.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது, தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு இணைந்தன. அவற்றைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டுமென்று நடைபெற்ற கிளர்ச்சி வரலாறு அறிந்தது. எல்லையை எங்கே வகுத்தாலும் இரு புறமும் சிறுபான்மையினர் எஞ்சியிருப்பர் என்பதை அன்றைய ஆட்சியாளர் உணர்ந்தே இருந்தனர். அதே ஆண்டில் அரசியலமைப்பின் ஏழாவது திருத்தம் 350-அ, 350-ஆ என்னும் இரு பிரிவுகளைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்து தருவது மாநிலங்களின் கடமை என்று முதற்பிரிவு கூறுகிறது. அக்கடமையைக் கண்காணிக்கத் தனி அதிகாரி ஒருவரை அமர்த்த இரண்டாவது பிரிவு வகை செய்கிறது. பள்ளியில் 40 மாணவரோ ஒரு வகுப்பில் 10 மாணவரோ இருந்தால் தாய்மொழியில் கற்பிக்க ஆசிரியர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்று 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் வகுத்த நெறியே இதற்கு அளவுகோலாக அமைந்தது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசாங்கத்தோடு தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையை அளித்தது. கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஏறத்தாழ 5 இலட்சம் பேர். அவர்களுக்கெனத் தமிழ் வழிப் பாடநூல்கள் அச்சிடப்படுகின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வின் வினாத்தாள்களும் தமிழில் கிடைக்கின்றன. பல மாநிலங்களோடு ஒப்பிடும்போது இது குறைத்து மதிப்பிடத்தக்க ஏற்பாடன்று.

ஆயினும் இந்தப் பாதுகாப்புகள் அனைத்தும் ஒரு கேள்வியைத் தொடாமலே விட்டுவிட்டன. கணக்கையும் அறிவியலையும் எந்த மொழியில் கற்பிப்பது என்று அவை பேசுகின்றன. ஆங்கிலத்தை எந்த மொழியின் துணைகொண்டு கற்பிப்பது என்று எவரும் கேட்கவில்லை.

நான்கு மொழி, நான்கு எழுத்து

முதல் வகுப்பில் சேரும் குழந்தை தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுதப் பழகுகிறது. மலையாளத்தைப் பள்ளிகளில் கட்டாய மொழியாக்கும் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டபின், மலையாள எழுத்தும் இளவயதிலேயே அதனோடு சேர்கிறது. ஐந்தாம் வகுப்பில் இந்தியும் தேவநாகரி எழுத்தும் வருகின்றன. பத்து வயதில் நான்கு மொழி, நான்கு எழுத்து. திருவனந்தபுரத்தில் உள்ள மலையாளக் குழந்தைக்கு மூன்று மொழி. போடிநாயக்கனூரில் அரசுப் பள்ளியில் படிக்கும் உறவுக்காரக் குழந்தைக்கு இரண்டு மொழி.

பல மொழி கற்பது சுமை என்று பொதுவாகக் கூறிவிட முடியாது. இம்மலைப் பிள்ளைகள் மலையாளத்தைப் பெரும்பாலும் கேட்டே கற்றுக்கொள்கின்றனர். பள்ளி வாசலுக்கு வருமுன்பே பலருக்கு அம்மொழி பாதி விளங்குகிறது. ஆங்கிலத்துக்கு அத்தகைய முன்பழக்கம் இல்லை. வாரத்தில் சில பாடவேளைகளே அதற்குக் கிடைக்கின்றன. அந்தப் பாடவேளையும் பெரும்பாலும் ஆசிரியர் ஒரு வரி படிக்க மாணவர் ஒரே குரலில் திருப்பிச் சொல்வதிலும், கேள்வி–பதிலைக் கரும்பலகையிலிருந்து பெயர்த்தெழுதுவதிலும் கழிகிறது. தனியே எழுந்து நின்று ஒரு வாக்கியம் பேசும்படி கேட்டால் வகுப்பு முழுவதும் மௌனமாகிவிடுகிறது. பிழை நேர்ந்தால் பிறர் சிரிப்பரே என்ற கூச்சம், மாணவிகளிடம் இன்னும் மிகுதி.

மாணவரின் குறிப்பேட்டைப் புரட்டினால் வேறொரு செய்தி வெளிப்படும். ஆங்கிலச் சொற்களின் மீது, அவற்றின் ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் சிறிதாக எழுதி வைத்துக்கொள்வது பிள்ளைகளின் வழக்கம். பயனுள்ள ஊன்றுகோல்தான். ஆனால் தமிழ் எழுத்தில் வல்லின ஒலிக்கும் அதன் மெலிந்த ஒலிக்கும் தனித்தனி வரிவடிவம் கிடையாது. குளிரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் 'கோல்டு' என்றே எழுதப்படுகிறது. தங்கத்தைக் குறிக்கும் சொல்லும் 'கோல்டு' என்றே எழுதப்படுகிறது. (மாட்டுப்பட்டியில் முன்னது ஏராளம், பின்னது அரிது, ஆதலால் பொருளில் பெரிய குழப்பம் நேர்வதில்லை.) குண்டூசியும் 'பின்', தானியம் கொட்டி வைக்கும் கலமும் 'பின்'. மலையாள எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்டத் தனித்தனி எழுத்துகள் உண்டு. ஆகவே மலையாளம் மட்டும் அறிந்த ஆசிரியர், தமிழ் மாணவன் ஏன் இந்த இரண்டையும் ஒன்றாக ஒலிக்கிறான் என்று வியப்படைகிறார்; கவனக்குறைவு என்று கண்டிக்கிறார். அவன் குறிப்பேட்டைத் தமிழில் படிக்கத் தெரிந்த ஆசிரியருக்குக் காரணம் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

ஆசிரியர் விளக்கும் மொழி

நாட்டின் எந்தச் சிற்றூர்ப் பள்ளியிலும் ஆங்கிலப் பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடைபெறுவதில்லை. பாடத்தைப் படித்து, அதன் பொருளை வட்டார மொழியில் விளக்குவதே நடைமுறை. இம்முறையைக் குறை கூறுவோர் உளர். ஆனால் புதிய மொழியைப் பழகிய மொழியின் தோளிலேற்றிக் காட்டுவது இயல்பானதே. மாட்டுப்பட்டி போன்ற இடங்களில் எழும் சிக்கல், அந்தத் தோள் யாருடையது என்பதே. தமிழ் அறியாத ஆசிரியர் மலையாளத்தில்தான் விளக்க இயலும். அப்போது மாணவன் அறியாத மொழியை அரைகுறையாக அறிந்த மொழியின் வழியாகக் கற்கிறான்.

தமிழும் மலையாளமும் உடன்பிறப்புகள். ஒன்றை அறிந்தவர்க்கு மற்றது விளங்கிவிடும் என்பது பொதுவான எண்ணம். உடன்பிறப்பாக இருப்பதே சில வேளைகளில் குழப்பத்துக்கு இடமாகிறது. தண்ணீரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆசிரியர் 'வெள்ளம்' என்று மலையாளத்தில் பொருள் கூறுவார். 1924-ஆம் ஆண்டுக் கதைகளையும் 2018-ஆம் ஆண்டு மழையையும் அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துச் செல்லும் நீர்ப்பெருக்கு. வாய்ப்பு என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொல்லுக்கு மலையாளத்தில் 'அவசரம்' என்பர். தமிழனுக்கு அவசரம் என்றால் விரைவு. முற்றிலும் தெரியாத சொல்லாக இருந்தால் மாணவன் திரும்பக் கேட்பான். தெரிந்த சொல்லாகத் தோன்றுவதால் கேட்பதில்லை. தவறான பொருளோடு பாடம் மனத்தில் பதிந்துவிடுகிறது.

இலக்கணத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆங்கிலத்தில் 'நான் பாடுகிறேன்' என்பதற்கு வினைச்சொல் 'சிங்' என்று நிற்க, 'அவள் பாடுகிறாள்' என்பதில் அது 'சிங்ஸ்' என்று ஈறு பெறுகிறது. ஆங்கிலம் கற்கும் இந்தியர் மிகுதியாகத் தவறும் இடங்களில் இதுவும் ஒன்று. தமிழில் வினைமுற்று எழுவாய்க்கு ஏற்ப மாறும்: பாடுகிறேன், பாடுகிறாய், பாடுகிறாள். இக்கால மலையாளத்தில் அவ்வாறு மாறுவதில்லை. யார் பாடினாலும் 'பாடுன்னு' என்ற ஒரே வடிவம்தான். ஆகவே, எழுவாய் மாறினால் வினை மாறும் என்ற கருத்து தமிழ்ப் பிள்ளைக்கு முன்னரே கைவந்த ஒன்று. 'உங்கள் மொழியில் எல்லா இடத்திலும் செய்வதை ஆங்கிலம் இந்த ஓரிடத்தில் மட்டும் செய்கிறது' என்று ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடலாம். மலையாளத்தின் வழியே விளக்கும்போது இந்த வசதி மறைந்துபோகிறது. மாணவன் விதியை மனப்பாடம் செய்கிறான், எழுதும்போது மறக்கிறான். ஆங்கிலம் கற்பதற்குத் தமிழ் எத்துணை நல்ல கருவியாகப் பயன்படக்கூடும் என்பதற்கு இது ஒரு சிறு சான்று. ஒரு மொழியில் நன்கு ஊன்றிய அறிவு அடுத்த மொழியைக் கற்கும்போது கைகொடுக்கிறது என்று கனடாவின் கல்வி அறிஞர் ஜிம் கமின்ஸ் 1979-இல் வெளியிட்ட கருத்தும் இதையொட்டியதே.

ஆசிரியர் நியமனத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்போம். கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய பாடங்களுக்கு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களைத் தெரிந்தெடுக்கும்போது, கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் 'தமிழ் வழி' என்று தனியே குறிப்பிட்டு அறிவிக்கும் வழக்கம் உண்டு. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர் என்று தனிப்பணி வகையே இருக்கிறது. அலுவலகத்தில் மனு வாங்குபவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கை. ஆங்கில ஆசிரியர் செய்தியில் மட்டும், ஆங்கிலம் தெரிந்திருந்தால் போதும், மாணவரின் மொழி தெரிய வேண்டியதில்லை என்பதே பொதுவாக நிலவும் கருத்து. இதற்கும் மேல், பிரிவுகள் குறைவாக உள்ள சிறிய உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலத்துக்கெனத் தனி ஆசிரியர் பணியிடமே நெடுங்காலம் இல்லாதிருந்தது. அது நீதிமன்றம் வரை சென்ற பிரச்சினை. மலைத்தோட்டப் பள்ளிகளோ பெரும்பாலும் சிறியவை. காசர்கோட்டின் கன்னட வழிப் பள்ளிகளில் கன்னடம் அறியாத ஆசிரியரை அமர்த்தியதை எதிர்த்து மாணவரும் பெற்றோரும் போராடியதை நாடறியும். அங்கும் முறையீடு பெரும்பாலும் பிற பாடங்களைப் பற்றியே எழுந்தது.

லயத்தில் வழங்கும் ஆங்கிலம்

ஆங்கிலம் இப்பிள்ளைகளின் வீடுகளில் அறவே இல்லை என்று கூறுவதும் முழு உண்மையன்று. அவர்கள் குடியிருக்கும் 'லயம்' என்ற சொல்லே வரிசை வீடுகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். எஸ்டேட், டிவிஷன், ஃபீல்டு, மஸ்டர், செக்ரோல், ஃபேக்டரி, டீமேக்கர், சூப்பர்வைசர், போனஸ், கிராஜுவிட்டி ஆகிய சொற்களைக் கொழுந்து எடுக்கும் தாய்மார் நாள்தோறும் கையாளுகின்றனர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆங்கிலேய நிர்வாகத்தின் கணக்கேடுகளிலிருந்து சிந்திய சொற்கள் இவை. பள்ளிக்கு ஒருநாளும் செல்லாத பாட்டிக்கும் இவற்றின் பொருள் துல்லியமாகத் தெரியும். பிராவிடண்ட் ஃபண்டில் எவ்வளவு பிடித்தம் என்பதை அவர் தவறாமல் சொல்வார்.

பள்ளி இச்சொற்களைக் கண்டுகொள்வதில்லை. பாடநூலில் வரும் ஆங்கிலம் வேறு, லயத்தில் வரும் ஆங்கிலம் வேறு என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில், மஸ்டர் என்ற சொல்லை அறிந்த குழந்தைக்கு, 'ஒன்று கூட்டுதல்' என்ற பொருளிலிருந்து அதன் வினைப்பயன்பாட்டுக்குச் செல்வது ஓரடி தூரமே. செக்ரோல் என்பதிலுள்ள 'ரோல்' என்ற சொல்தான் பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கும்போதும் வருகிறது. சம்பளச் சீட்டு ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்து வாசித்தால் ஏழாம் வகுப்பு மாணவன் வேலை நாள், பிடித்தம், நிகரத்தொகை ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களை ஒரே நாளில் கற்றுக்கொள்வான். தந்தையின் கணக்கைச் சரிபார்க்கவும் அது உதவும்.

இது வெறும் ஊகம் அன்று. 1979 முதல் 1984 வரை, பெங்களூரிலுள்ள தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தைச் சார்ந்து என்.எஸ். பிரபு என்னும் அறிஞர் பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு முயற்சியை நடத்தினார். இலக்கண அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பயிற்றுவிக்கும் முறை அப்போது நாடெங்கும் வழக்கிலிருந்தது. அவர் அதை விடுத்து, ரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை காண்பது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது போன்ற வேலைகளை ஆங்கிலத்தில் கொடுத்தார். மாணவரின் கவனம் விடையில் ஊன்றியிருக்க, மொழி அதனூடே படிந்தது என்பது அவர் கண்ட முடிவு. அந்த அனுபவத்தை அவர் 1987-இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்போரால் படிக்கப்படுகிறது. அதற்கு வேண்டிய கருவி கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் மட்டுமே. மாட்டுப்பட்டியில் ரயில் இப்போது இல்லை; பேருந்து அட்டவணையும், கொழுந்து நிறுக்கும் பேரேடும், அணைக்கட்டின் அறிவிப்புப் பலகையும் இருக்கின்றன.

தேர்ச்சியும் தேறாமையும்

2021 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் கேரளத்தின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் 99 சதவீதத்துக்கு மேற்பட்டோர் தேர்ச்சி பெற்றுள்ளனர். இந்த எண்ணை மட்டும் நோக்கினால் தோட்டப் பள்ளிகளில் ஆங்கிலம் ஒரு பிரச்சினையே அன்று. உண்மையான தேர்வு அடுத்த ஜூன் மாதத்தில் பதினோராம் வகுப்பில் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு வரை 'ஒளிச்சேர்க்கை' என்று படித்த மாணவி, மேல்நிலையில் அறிவியலை ஆங்கிலப் பாடநூலில் படிக்க வேண்டியவளாகிறாள். விரிவுரை மலையாளம் கலந்த ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. பாடத்தின் கருத்து அவளுக்குத் தெரியும். கருத்தைச் சுமந்துவரும் இரு மொழிகளும் அவளுக்கு அந்நியம். பலர் அறிவியலை விட்டு வேறு பிரிவுக்கு மாறுகின்றனர். சிலர் போடி, தேனி, மதுரையிலுள்ள விடுதிகளுக்குச் செல்கின்றனர். இன்னும் சிலர் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குச் சென்றுவிடுகின்றனர்.

இந்த இழப்பைப் பொருளாதார அடிப்படையில் மதிப்பிட ஒரு வழி உண்டு. மெஹ்தாபுல் ஆசம், ஏமி சின், நிஷித் பிரகாஷ் ஆகிய மூவரும் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப ஆய்வு விவரங்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2013-இல் வெளியாயிற்று. ஆங்கிலம் சரளமாகப் பேசும் இந்திய ஆண்களின் மணிக்கூலி, ஆங்கிலம் அறியாதாரினும் சராசரியாக 34 சதவீதம் மிகுதி என்றும், சிறிதளவு பேசுவோர்க்கு அது 13 சதவீதம் என்றும் அவர்கள் கண்டனர். கல்வி, வயது முதலியவற்றைக் கணக்கில் கொண்டபின் எஞ்சும் வேறுபாடு இது. அதே ஆராய்ச்சியின் இன்னொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இளந்தொழிலாளரிடையே இந்த மிகுதிக்கூலி மேற்கல்வி பெற்றவர்க்கே கிட்டுகிறது. குறைந்த படிப்போடு கூடிய ஆங்கிலத்துக்குச் சந்தையில் தனி விலை இல்லை. தோட்டங்களிலுள்ள பெற்றோர் முன் இருக்கும் வழியை ஆராய இது மிகவும் உதவும்.

அந்த வழி ஆங்கில வழிப் பள்ளியை நாடுவது. காலையில் லயங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மூணாறு நோக்கிச் செல்கின்றன. வண்டிக்கட்டணமும் பள்ளிக்கட்டணமும் நாட்கூலியிலிருந்து கொடுக்கப்படுகின்றன. தோட்டத்துத் தமிழ் வழித் தொடக்கப் பள்ளியின் எண்ணிக்கை அதனால் குறைகிறது. 40 பேர் என்ற பழைய வரம்பு அங்கு எட்டாத கனியாகிறது. பெற்றோரைக் குறை கூறுவதற்கில்லை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயது வரையுள்ள தொழிலாளர் குழந்தைகள் 25 பேருக்கு மேல் இருக்கும் தோட்டங்களில் கல்வி வசதியை முதலாளியிடம் கேட்க வழிசெய்தது. அன்று பள்ளி இருந்தாலே போதும் என்ற நிலை. இன்று பெற்றோர் கேட்பது ஆங்கிலம். அதைத் தமிழ் வழிப் பள்ளி நன்றாகத் தரும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை. ஆனால் ஆங்கில வழியில் படித்த பிள்ளை எட்டாம் வகுப்பில் அறிவியலும் புரியாமல், ஆங்கிலமும் முழுதாக வராமல், தமிழ் எழுதவும் தெரியாமல் நின்றுவிடுமானால், செலவழித்த பணத்துக்கு மேற்கண்ட ஆராய்ச்சியின்படி பெரிய பலன் இல்லை.

2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலம் இந்த ஏற்றத்தாழ்வை வேறு வகையில் வெளிப்படுத்தியது. அவ்வாண்டு ஜூன் 1 முதல் கேரள அரசாங்கம் தொலைக்காட்சி வழியாகப் பாடம் நடத்தத் தொடங்கியது. விரைவில் தமிழ் வழிப் பாடங்களும் இணையத்தில் ஏற்றப்பட்டன. செல்பேசி அலைவரிசை எட்டாத ராஜமலைப் பகுதித் தோட்டங்களின் பிள்ளைகள் இரவிகுளம் சாலையோரத்தில், மழையில் குடைபிடித்து அமர்ந்து பாடம் கேட்டதைச் செய்தித்தாள்கள் படத்தோடு வெளியிட்டன. படிப்பில் அக்கறை இல்லாத மக்கள் என்று தோட்டத்தாரைப் பற்றிக் கூறுவோர் அந்தப் படங்களை ஒருமுறை பார்த்தல் நலம்.

மலேசியாவின் ஓராண்டு

தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் வேறொரு நாட்டின் ஏற்பாடு இங்கே பயன்படக்கூடும். மலேசியாவில் தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு பயின்ற குழந்தை, மலாய் மொழி வழியில் நடக்கும் இடைநிலைப் பள்ளிக்குச் செல்ல வேண்டும். மலாய் மொழியில் போதிய தேர்ச்சி பெறாதவர்க்கு இடையே 'புகுமுக வகுப்பு' என்று ஓராண்டு வைக்கப்பட்டது. ஓராண்டு வீணாகிறது என்ற குறைபாடு அதைப் பற்றி நெடுங்காலமாக உண்டு. ஆயினும் மொழி மாறும் இடத்தில் ஒரு படி வேண்டும் என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொண்டது. அதே நாடு 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கி, 2009-இல் அதைக் கைவிட முடிவு செய்தது. சிற்றூர்ப் பிள்ளைகள் பின்தங்கியது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

கேரளத்தின் மலைப்பகுதியில் ஓராண்டு தேவையில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து மேல்நிலை வகுப்பு தொடங்கும் வரையுள்ள கோடை வாரங்களே போதுமானவை. அறிவியல், வணிகவியல் பாடங்களில் மாணவர் முன்னரே தமிழில் அறிந்த சில நூறு கலைச்சொற்களை ஆங்கிலத்தோடு இணைத்துக் காட்டும் சிறு அகராதி ஒன்றை அச்சிட ஆகும் செலவு, ஓர் ஆசிரியரின் சில மாதச் சம்பளத்துக்கு மேற்படாது. மூலப்பொருளும் கையிலேயே இருக்கிறது: ஒரே பாடநூல் தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும் அச்சாகிறது. இரண்டையும் அருகருகே வைத்துச் சொற்களைத் தொகுக்க வேண்டியதுதான் மிச்சம். பள்ளிகளில் ஆங்கிலத்தை மேம்படுத்த 2016-17-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் 'ஹலோ இங்கிலீஷ்' திட்டம் போன்றவற்றின் ஆசிரியர் பயிற்சியில், தமிழ் பேசும் வகுப்புகளுக்கென ஒரு பகுதியைச் சேர்ப்பதும் எளிதே.

ஆசிரியர் நியமனம் இவற்றினும் கடினமானது. ஆனால் விதியில் இரண்டு சொற்களைச் சேர்ப்பதில்தான் அதுவும் தொடங்க வேண்டும். எழுத்தர் பணிக்கு உள்ள 'தமிழும் மலையாளமும் அறிந்த' என்ற தகுதி, தமிழ் வழிப் பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர் பணிக்கும் எழுதப்பட்டால், அதற்குரியோர் தோட்டங்களிலேயே கிடைப்பர். மூணாற்றில் அரசுக் கல்லூரி 1994 முதல் இயங்கி வருகிறது. லயங்களில் பிறந்து பட்டம் பெற்ற பெண்கள் பலர் வேலைக்குக் காத்திருக்கின்றனர். தென்மேற்குப் பருவமழையோடு ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது, கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியர் குளிருக்கும் மூடுபனிக்கும் அஞ்சி அடுத்த மாற்றலுக்கு மனுப்போடுகிறார். அப்பெண்களுக்கு அந்தக் குளிர் பழகிய ஒன்று. 'கோல்டு' என்று எழுதிய குறிப்பேட்டைப் படிக்கவும் தெரியும்.